மகளுக்கு வாசித்துக் காட்டிய கடிதம்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணை விமானம் ஏற்றிவிட நாற்பது பேர் சுபாங் விமான நிலையத்துக்குப் போனோம். ஒரு வாடகை பஸ், அதன் பின்னால் இரண்டு வேன். அண்டை வீட்டார், பள்ளிவாசல் இமாம், பெண்ணின் சின்னம்மா, அந்தச் சின்னம்மாவின் மாமியார் என்று ஒரு கம்பமே, அதாவது கிராமமே கிளம்பிவிட்டது. மலாய்க்காரர்களிடம் இது வழக்கம். நம் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவரைத்தான் இப்படி வழியனுப்புவோம். இங்கே படிக்கப் போகிற பிள்ளைக்கும் அதே மரியாதை.

பெண்ணின் பெயர் நோராய்னி. பத்தொன்பது வயது. இங்கிலாந்தில் என்ஜினீயர் படிப்பு, அரசாங்கச் செலவு. அவளுடைய தகப்பனார் பாக் சாலே சுங்கை புரோங்கில் நெல் போடுகிறவர். வயதில் மூத்தவரை இங்கே பெயருக்கு முன்னால் பாக் சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. மலேசியாவில், கோல சிலாங்கூரில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் பதினெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தேத்தண்ணி குடிக்க வருகிற மனிதர். அந்தப் பழக்கத்தில் எனக்கும் பஸ்ஸில் ஓர் இடம் போட்டிருந்தார்.

பெண் தகப்பனார் கையை முத்தமிட்டாள், தாயைக் கட்டிப்பிடித்தாள், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். பாக் சாலே அழவில்லை. கையோடு கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே நின்று சாப்பிட்டார். திரும்பும்போது பஸ் புறப்பட்டுப் பத்து நிமிஷம் ஆகவில்லை, குறட்டை. பெற்ற மகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு ஒரு மனிதன் இப்படித் தூங்க முடியுமா என்று பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நோராய்னியும் என் மகள் ஜுலைகாவும் மூன்றாம் படிவம்வரை, நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்புவரை, ஒரே பெஞ்சு. கணக்கில் ஜுலைகாதான் ஒரு படி மேலே என்று அவர்களுடைய டீச்சரே சொல்லியிருக்கிறார். ஜுலைகா வழியனுப்ப வரவில்லை. தலைவலி என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஊர் ஜமாத்தின் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பது பற்றி ஏதாவது எழுதி அனுப்பு என்று மச்சான் ஒருவர் ஆறு மாதமாகக் கேட்கிறார். பிள்ளையை எத்தனை வயதில் விடலாம், எவ்வளவு தூரம் விடலாம் என்று நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதை இதை முடிக்கும்போது நீங்களே சொல்லுங்கள். நடந்ததை எழுதுகிறேன்.

2

நம் கடற்கரை ஊர்களில் ஆண்பிள்ளைக்கு மீசை வருவதற்கு முன்னால் சபர், பிழைக்கக் கடல் தாண்டும் பயணம், வந்துவிடும். பதினோராம் வயதில் என்னை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார்கள். கூட வந்தவர் தூரத்துச் சொந்தம். அவர் முகத்தையே கப்பலில்தான் சரியாகப் பார்த்தேன். வாப்பா மவுத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. காக்கா, என் மூத்த அண்ணன், முடிவு செய்தார். போகிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அது வேறு விஷயம். உம்மா முற்றம்வரைதான் வந்தார்கள். பெண்கள் தெருவாசலுக்கு வருகிற வழக்கமில்லை.

பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவினேன். குழாய் எட்டாது, ஒரு பலகைமேல் நிற்க வேண்டும். முதல் மாதம் முழுக்க அழுதேன். பிறகு அழுகை தானாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது வரவே இல்லை, வர வேண்டிய இடங்களில்கூட.

இதை நான் பெரிய வீரப் பிரதாபமாகவே சொல்லிவந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் தங்கள் பிள்ளை சைக்கிள் ஓட்டப் பயப்படுகிறான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவேன். பதினோரு வயதில் தனியாகக் கடல் தாண்டினவன் என்று. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், நான் வாயைத் திறந்ததுமே பாக் சாலே எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

என் தங்கைக்கு அதே வீட்டில், அதே வயதில் நடந்தது வேறு. பன்னிரண்டு முடிந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணம்வரை தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டோம், இன்னொரு பிள்ளையைத் தெருமுனைக்குக்கூட விடவில்லை. இரண்டையும் பாசம் என்றுதான் சொன்னோம். இரண்டு பேரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நானும் தங்கையும் சமம்.

3

இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பதற்கு ஓர் ஒழுங்கு கிடையாது. தெருவுக்கு ஒரு மாதிரி.

என் கடைக்கு அடுத்தது சீனருடைய ஆணிக்கடை. அந்த வீட்டு எட்டு வயதுப் பெண் ஏணியில் ஏறி ஆணி எடுத்துத் தருவாள், நிறுத்துத் தருவாள், மீதியும் சரியாகத் தருவாள். தகப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என்ன கெட்டிக்காரி என்று நாங்கள் வாயைப் பிளப்போம். ஆனால் அந்தப் பெண் பந்து விளையாடி நான் பார்த்ததில்லை. அவளுக்கு எல்லாப் பொறுப்பும் உண்டு, அந்தக் கடையின் நான்கு சுவருக்குள்.

என் அடுப்படியில் வேலை செய்கிற மாரியாயிக்குத் தோட்டத்து லயத்தில் வீடு. புருஷன் செம்பனை வெட்டுகிறவன். அவளுடைய மூத்த மகள் கோகிலா ஒன்பது வயதிலேயே சோறு வடிப்பாள், தம்பிகளைக் குளிப்பாட்டித் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போவாள், மத்தியானம் தனியாக பஸ் பிடித்து அம்மாவைப் பார்க்க வந்து என் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். ஒருநாள் நான் மாரியாயியிடம், உன் பிள்ளையை எவ்வளவு சுதந்திரமாக விட்டிருக்கிறாய் என்று பாராட்டப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“நாங்க எங்க மொதலாளி விட்டோம்? விட்டுட்டு ஓட வேண்டியதாப் போச்சு லா. பாக்க ஆளு இருந்தா நானும் மடியிலதான் வச்சிருப்பேன்” என்றாள்.



பாக் சாலே வீட்டில் இன்னொரு விதம். பிள்ளைகள் நெல்வயல் வாய்க்காலில் குதித்து எழுந்து வருவார்கள், யாரும் தேட மாட்டார்கள். பன்னிரண்டிலோ பதினைந்திலோ, இடம் கிடைத்ததும் அஸ்ராமாவுக்கு, அதாவது அரசாங்க விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் என்ன, ஆண் என்ன. நோராய்னியின் அண்ணன்மார் இரண்டு பேரும் அப்படிப் போனவர்கள்தான். பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். சோறு போடுகிறார்கள், தொழ வைக்கிறார்கள், லீவுக்கு அனுப்புகிறார்கள், நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்றார். அவர் பயத்தையெல்லாம் மழைக்கும் எலிக்கும் வைத்திருந்தார்.

நாங்கள் இந்த மூன்றிலும் சேர்த்தியில்லை. ஜுலைகாவின் பள்ளிக்கூடம் கடையிலிருந்து அரை மைல். நோராய்னி பஸ்ஸில் வந்து இறங்கி நடப்பாள். ஜுலைகாவை நான் வேனில் கொண்டுபோய் விட்டு, வேனில் கூட்டிவருவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை நிறைந்து வழிகிற நேரம்தான் பள்ளி விடுகிற நேரமும். கல்லாவில் யாரையாவது உட்காரவைத்துவிட்டு ஓடுவேன். டத்தோ பட்டக்காரர் மகளுக்கு டிரைவர் வந்தாச்சு என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். பதினோரு வருஷம் ஓடினேன். இப்போது நினைத்தால் முழங்கால் வலிக்கிறது.

4

சுதந்திரம் கொடுப்பது பற்றி எழுதுகிறேனே, யார் யாரை நம்பி இருந்தோம் என்பதையும் எழுத வேண்டும்.

எனக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. நிரந்தரமாகத் தங்கலாம், குடிமகன் இல்லை. ஜுலைகா கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், குடிமக்களுக்கு உள்ள நீலக் கார்டு. பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் தங்கள் பெயரில் கார்டு எடுக்க வேண்டும். அதற்காக அவளைப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்று எழுதுகிறேன், அங்கே நடந்தது வேறு. எந்த வரிசை, எந்தப் போராங், அதாவது எந்த விண்ணப்பத் தாள், எங்கே கையெழுத்து என்று அவள்தான் கேட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்பார், அவளைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருப்பார்.

எனக்குத் தெரிந்தது பாசார் மலாய், சந்தையில் பேசுகிற கொச்சை. தேத்தண்ணி விற்க அது போதும். கடிதம் வந்தால் போதாது. நகராண்மையிலிருந்து, வருமான வரியிலிருந்து, லைசென்சு விஷயமாக எது வந்தாலும் மேல்மாடிக்குக் கொண்டுபோய் ஜுலைகாவிடம் கொடுப்பேன். பத்து வயதிலிருந்து அவள்தான் வாசித்துச் சொல்வாள். ஒரு தடவை என் அடுப்படிச் சாக்கடை அசிங்கமாக இருக்கிறது என்று கடுமையாக எழுதியிருந்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சொன்னாள். வாப்பா மனசு கஷ்டப்படுமே என்று பூசி மெழுகவில்லை.

என் மனைவி மரியத்துக்கு அந்த மலாயும் கிடையாது. மேல்மாடி அறைகளும் அடுப்படியும்தான் அவளுடைய மலேசியா. கிளினிக்குக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்று நர்சிடம் சொல்வது ஜுலைகா. துணிக்கடையில் விலை பேசுவது ஜுலைகா. பக்கத்து வீட்டுச் சீனத்தி சிரித்தால் எதற்குச் சிரித்தாள் என்று சொல்வதும் ஜுலைகா. எங்கள் இரண்டு பேருக்கும் வாய் அவள்தான். வாயைப் பிடுங்கி வெளியே அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஊரில் அவளுக்கு வீடும் ஆகிக்கொண்டிருந்தது. நம் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தானே மாப்பிள்ளை எடுப்பது. அவள் ஐந்தாவது படிக்கும்போதே அஸ்திவாரம் போட்டாயிற்று. அந்த வீட்டை அவள் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொசு ஜாஸ்தி வாப்பா என்றாள்.

5

மூன்றாம் படிவப் பரீட்சை முடிவு வந்து இரண்டு வாரத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. வழக்கம்போல ஜுலைகாவிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தாள்.

நாலாம் படிவத்துக்கு ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் அவளுக்கு இடம். விஞ்ஞானப் பிரிவு. இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். நோராய்னிக்கும் அதே பள்ளி.

“பதினாலு நாளைக்குள்ள பதில் கொடுக்கணும்னு போட்டிருக்கு வாப்பா. இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம்” என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை நாங்கள் அவளுக்குக் கொடுத்ததில்லை.

நான்கு போராங். தகப்பனார் சம்மதம், டாக்டர் சர்ட்டிபிகேட், ஜாமீன் கையெழுத்து, என் சிவப்புக் கார்டின் நகலில் அதிகாரி முத்திரை. மறுநாள் மாலைக்குள் எல்லாவற்றையும் அவளே நிரப்பி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி.

 மரியம் அன்று குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். கேட்டதற்கு, நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரி என்றாள். அவள் கண் அப்படிச் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன்? காக்காவுக்குக் கடிதம் எழுதினேன். இங்கே இருபது முப்பது வருஷம் இருந்தாலும் நம் ஆட்கள் செய்வது இதுதானே. பெயர் வைப்பதற்கு ஊருக்கு எழுதுவோம், கடை மாற்றுவதற்கு ஊருக்கு எழுதுவோம். ஏர்மெயில் போய்ச்சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். கெடுவோ பதினாலு நாள். இந்தக் கணக்குத் தெரியாமலா நான் எழுதினேன்? தெரியும். காக்கா முடிவு சொல்லட்டும் என்று மரியத்திடமும் ஜுலைகாவிடமும் சொன்னபோது எனக்கு மனம் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், யார்மேலும் பழி இல்லை.

அப்படி முடியவிடவில்லை, அவர்களுடைய டீச்சர். சிக்கு ரொஹானா என்று பெயர், இங்கே டீச்சரை சிக்கு என்பார்கள். கடைக்கே வந்துவிட்டார். ஒன்றும் சாப்பிடாமல் என் எதிரே உட்கார்ந்து, ஏன் இன்னும் போராங் வரவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் அண்ணன், இந்தியா, கடிதம் என்று உளறினேன். சின்ன வயதுப் பெண், அவருக்கே இருபத்தைந்து இருந்தால் அதிகம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பள்ளிக்குத் தானே எழுதி மாதக் கடைசிவரை இடத்தை நிறுத்திவைக்கச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி செய்தும் விட்டார். என்னைக் காப்பாற்ற இருந்த காலண்டரும் கைவிட்டது.

அந்த நாட்களில் ஜுலைகா தபால்காரர் வருகிற நேரத்துக்கு மேல்மாடி ஜன்னலில் வந்து நிற்பாள். கீழே கல்லாவிலிருந்து எனக்கு அவள் நிழல் தெரியும்.

6

காக்காவின் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. நான் எதிர்பார்த்தது இரண்டு வரி. பெண்பிள்ளையை வெளியே தங்கவிடாதே என்று இருக்கும் என்று நினைத்தேன்.

காக்கா இரண்டு பக்கம் எழுதியிருந்தார். “இதற்கு ஏன் தம்பி என்னைக் கேட்கிறாய்? என் சின்னவள் இரண்டு வருஷமாக மதுரையில் ஹாஸ்டலில் தங்கித்தான் காலேஜில் படிக்கிறாள். நீ ஏசுவாய் என்று பயந்து உனக்குத் தெரிவிக்கவில்லை. ஊரில் இப்போது நாலைந்து வீட்டில் பெண்பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். உன்னைப் பதினோரு வயதில் அனுப்பினதை நினைத்து நான் வருத்தப்படாத நாள் இல்லை. உன் மகள் அவளாக ஆசைப்பட்டுப் போகிறாள். யோசிக்காமல் அனுப்பிவை” என்று இருந்தது.

கல்லாவில் உட்கார்ந்து அதை மூன்று முறை வாசித்தேன். ஊரில் இருப்பவர்கள் எனக்குப் பயந்து ஒளித்திருக்கிறார்கள். நான் ஊருக்குப் பயந்து இங்கே பிள்ளையைக் கட்டிவைத்திருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு பெரிய அசதி வந்தது. சாய்ந்துகொள்ள இருந்த சுவரைக் காக்கா எடுத்துவிட்டார். இனி வேண்டாம் என்று சொன்னால் அது நான் சொல்வதுதான்.

மேலே போனேன். ஜுலைகா எழுந்து நின்றாள். மரியமும் ஈரக்கையோடு வந்தாள். ஜுலைகாவுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நானும் வருஷா வருஷம் நினைத்தேன், எங்கே நேரம். மரியத்துக்குக் குர்ஆன் ஓத வரும், காகிதத்தில் தமிழ் ஓடாது. அந்த வீட்டில் அந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“பெரியவாப்பா என்ன எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள்.

ஸலாமையும் நல விசாரிப்பையும் உள்ளபடியே வாசித்தேன். அடுத்த வரிக்கு வந்தேன். அவளையும் மரியத்தையும் பார்த்தேன். மறுவாரம் மரியத்துக்கு கிளினிக்கில் தவணை இருந்தது. லைசென்சு புதுப்பிக்கிற மாதமும் அதுதான்.

“வயசுக்கு வந்த பிள்ளைய வெளியில தங்கவிட வேணாம்னு எழுதியிருக்காங்கம்மா. ஊர்ல பேசுவாங்களாம்” என்றேன்.

தாளில் பார்வையை ஓட்டிக்கொண்டு, வாசிப்பது போலவே சொன்னேன். அது எனக்கு எவ்வளவு சரளமாக வந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜுலைகா சரி என்றாள். போராங்குகளை எடுத்து, பென்சில் குறிகளை ரப்பரால் அழித்து, உறையில் போட்டு அலமாரியில் வைத்தாள். மரியம் அடுப்படிக்குள் போய் அழுதாள். நிம்மதியில் அழுதாளா வருத்தத்தில் அழுதாளா என்று நான் கேட்கவில்லை. காக்காவின் கடிதத்தைத் தகரப் பெட்டியில் மற்றக் கடிதங்களோடு போட்டேன். கிழித்துப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வாசிக்க யார் இருக்கிறார்கள்?

7

மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஜுலைகா இங்கேயே ஐந்தாம் படிவம் முடித்தாள். விஞ்ஞானப் பிரிவு உள்ளூரில் கிடைக்கவில்லை, இருந்ததைப் படித்தாள். பிறகு வீட்டில். மரியத்தின் கிளினிக், என் கடிதங்கள், கடைக்குச் சாமான் பட்டியல் எல்லாம் அவள் கையில். முகம் சுளித்துப் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. பொம்பளப் பிள்ளைக்கு வயது வந்தால் அப்படித்தான் என்று மரியம் சொன்னாள். நானும் நம்பினேன், நம்புவதற்கு வசதியாக இருந்தது.

சுபாங்குக்குப் போய்வந்த மூன்றாம் நாள் காக்காவிடமிருந்து கடிதம் வந்தது. மத்தியானக் கூட்டம் கலைந்து கடை ஓய்ந்திருந்த நேரம். மேலே கொண்டுபோனேன். அவருடைய சம்சாரத்தின் வழியில் ஒரு மாப்பிள்ளை, துபாயில் கணக்கர், ஜுலைகாவுக்குக் கேட்கிறார்கள். ஊர் வீடு தயார். படிக்கட்டிலேயே முழுக்க வாசித்துவிட்டேன். மரியத்தையும் ஜுலைகாவையும் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஜுலைகா கையை நீட்டினாள்.

“கொடுங்க வாப்பா. நான் வாசிக்கிறேன்.”

விளையாட்டு என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசிக்க ஆரம்பித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, ஆனால் தப்பில்லாமல். காக்காவின் கிறுக்கல் கையெழுத்து அது, எனக்கே சில இடம் புரியாது. மரியம் வாயைப் பொத்திக்கொண்டாள். 

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. “ஜுலைகாவின் சம்மதத்தை அவள் வாயால் கேட்டு எழுது தம்பி, நீயாக எழுதிவிடாதே.” அந்த வரியை அவள் இரண்டு முறை வாசித்தாள். நானே வாசித்துக் காட்டியிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ் எப்போது படித்தாய் என்று கேட்டேன். 

“கோகிலா ஒண்ணாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தா. பின்கட்டுல உக்காந்து அவகிட்டதான் படிச்சேன். எழுத்துக்கூட்டி வாசிக்க வர ஆறு மாசம் ஆச்சு.” என்றாள். “பெட்டியில இருந்த அந்தக் கடிதத்தையும் வாசிச்சுட்டேன் வாப்பா. மதுரை ஹாஸ்டல், எல்லாம்.”

மரியம் எந்தக் கடிதம் என்று கேட்டாள். 

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று ஜுலைகாவைக் கேட்டேன். இரண்டரை வருஷம் என்றாள். இரண்டரை வருஷமாக என் வரிக் கடிதங்களை, லைசென்சுக் கடிதங்களை, ஒன்றுவிடாமல் உள்ளபடி எனக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது.

“ஏம்மா என்னைக் கேக்கல?” என்றேன்.

“கேட்டா, உம்மாவுக்கு யார் இருக்கான்னு சொல்லுவீங்க. அது எனக்கே தெரியும் லா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தகப்பன் என்று ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது. பினாங்குக் குழாயடியில் நின்றுபோனது, நாற்பது வருஷத்துக்கு அப்புறம், மகள் முன்னால் வந்தது. அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“இதுக்குப் பதில நான் எழுதுறேன்” என்றாள்.

அலமாரியில் இருந்த ஏரோகிராமை எடுத்துக் கொடுத்தேன். என்ன எழுதப்போகிறாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஒரு மணி நேரம் எழுதினாள். மடித்து ஒட்டினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கி, கடை வழியாக, கல்லாவைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். வேன் சாவி என் கையில் இருந்தது. தபாலாபீஸ் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்தாள்.

சரி என்று எழுதினாளா, வேண்டாம் என்று எழுதினாளா, வேறு ஏதாவது கேட்டு எழுதினாளா, எனக்குத் தெரியாது. மரியத்துக்கும் தெரியாது. பின்பக்கத்தில் அனுப்புநர் என்று அவள் பெயரைத்தான் போட்டிருந்தாள். பதில் அவள் பெயருக்கு வரும்.